சொல்லும் பொருளும்: டிஸ்மே

எதிர்பார்த்தது கைகூடாவிட்டால் ஏமாற்றம். அதற்குரிய ஆங்கிலச் சொல் டிஸப்போயின்ற்மென்ற் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஏமாற்றத்தோடு மனமும் இடிந்துபோனால் என்ன சொல்வீர்கள்?

வெளிநாட்டிலுள்ள மகனிடமிருந்து இம்மாதம் பணம் வரவில்லை. தாய்க்கு ஏமாற்றம். அடுத்த கிழமை, அவனுடைய வேலையே போய்விட்டது என்ற செய்தி வருகிறது. வீட்டுக் கடனோ அவன் சம்பளத்தை நம்பி எடுத்தது. இப்போது அவள் உள்ளத்தில் எழுவது வெறும் ஏமாற்றமன்று. கலக்கம், திகைப்பு, இனி என்ன செய்வது என்ற கையறுநிலை. இதுவே டிஸ்மே.

சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. பழைய பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் புகுந்த சொல் இது. முற்பகுதியான 'டிஸ்' நீக்கத்தைக் குறிக்கும். பிற்பகுதி 'இயலுதல்' என்னும் பொருளுடைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் மே, மைற் என்ற துணைவினைகளும் அவ்வேரின் பிள்ளைகளே. (மே மாதத்துக்கும் இதற்கும் உறவில்லை!) ஆகவே, வலுவை இழக்கச் செய்தல் என்பதே மூலப்பொருள். ஸ்பானிய மொழியில் இதன் உடன்பிறப்பான சொல் இன்றும் மயங்கி விழுவதைக் குறிக்கிறது. 1611இல் வெளியான ஆங்கில வேதாகமத்தில், யோசுவா நூல் முதலாம் அதிகாரம் 9ஆம் வசனத்தில் இச்சொல்லைக் காணலாம். அங்கே அஞ்சித் தளர்தல் என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. இக்காலத்திலோ அச்சம் குறைந்து, மனவருத்தமே முன்னுக்கு வந்துவிட்டது.

இனி வழக்கைக் கவனியுங்கள். உச்சரிக்கும்போது இரண்டாம் அசையை அழுத்துங்கள். எழுதும்போது ஒரேயொரு 'எஸ்' போதும். பெயர்ச்சொல்லாக வரும்போது இதற்குப் பன்மையில்லை. முன்னால் 'ஏ' சேர்ப்பதுமில்லை. 'ரு மை டிஸ்மே' என்று வாக்கியத்தைத் தொடங்கி, ஒரு காற்புள்ளி இட்டு, நடந்ததைச் சொல்லலாம். 'இன் டிஸ்மே', 'வித் டிஸ்மே' என்பனவும் சரியே.

வினைச்சொல்லில்தான் நம்மவர் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'ஐ டிஸ்மேய்ட்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், நான் யாரையோ கலங்கச் செய்தேன் என்று தொடங்கி, யாரை என்று சொல்லாமல் விட்டதாகும். கலங்கியவர் நீங்களானால் 'ஐ வோஸ் டிஸ்மேய்ட்' என்றே எழுதவேண்டும். காரணத்தைச் சொல்ல 'அற்' அல்லது 'பை' சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் இச்சொல்லைச் சற்று யோசித்தே இடுங்கள். பதில் ஒரு நாள் பிந்தியதற்கு டிஸ்மே என்று எழுதினால், வாசிப்பவர் சிரிப்பார். பிள்ளையின் அனுமதி விண்ணப்பமே தொலைந்துபோயிற்று என்றால், டிஸப்போயின்ற்மென்ற் போதாது. அங்கே டிஸ்மே என்றே எழுதுங்கள்.