பழைய பாய்லரோடு குடித்தனம்: முதல் வீடு வாங்கியவர்களுக்கு

லண்டனில் முதல் வீடு வாங்கும் நம் பிள்ளைகள் பலருக்குச் சாவியோடு ஒரு பழைய கேஸ் பாய்லரும் வந்து சேர்கிறது. வயதான பாய்லர் பெரும்பாலும் அறிகுறி காட்டிவிட்டுத்தான் படுக்கும். எதை நாமே பார்க்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1. கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். மீட்டர் அருகிலுள்ள வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 0800 111 999-ஐ அழையுங்கள்.

2. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் தெளிகிறதா? பாய்லரை அணைத்துவிட்டு வெளியேறுங்கள். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளானாலும், உறையில் கரி படிந்தாலும் பாய்லரை ஓட்டாதீர்கள். அலாரம் இல்லாத வீட்டில் இன்றே ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

3. பாய்லர் நின்றதும் பதறாதீர்கள். தெர்மோஸ்டாட் பேட்டரி, டைமர், ப்ரீபேமென்ட் மீட்டரில் பணம் மூன்றையும் பாருங்கள். திரையில் தெரியும் பிழை எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஒருமுறை ரீசெட் செய்யுங்கள். மறுபடி நின்றால் விட்டுவிடுங்கள்.

4. ஆறியிருக்கும்போது பிரஷர் 1 முதல் 1.5 பார் வரை இருக்கட்டும். குறைந்தால் தண்ணீர் ஏற்றும் குழாயான ஃபில்லிங் லூப்பைத் திறந்து ஏற்றி, மறக்காமல் இறுக மூடுங்கள். அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. சூடாகும்போது முள் 3 பாருக்குத் தாவி, வெளிச்சுவர்ச் செப்புக் குழாய் சொட்டி, ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு விழுகிறதா? அநேகமாக எக்ஸ்பேன்ஷன் வெசலில் காற்று இறங்கியிருக்கும். அதற்காகப் பாய்லரையே மாற்றச் சொன்னால், இன்னொருவரையும் கேளுங்கள்.

5. ரேடியேட்டர் மேலே சில்லென்றிருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ரேடியேட்டர் சாவியால் காற்று வால்வை மெல்லத் திருகுங்கள்; ‘உஸ்’ சத்தம் ஓய்ந்து தண்ணீர் கசிந்ததும் மூடுங்கள். பிறகு பிரஷரைப் பாருங்கள். அடிப்பக்கம் சில்லென்றால் துருச்சேறு. ஆள் வைத்துக் கழுவ வேண்டும்.

6. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பாய்லருக்குள் கெட்டில் கொதிப்பதுபோல் இரைந்தால், அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காதீர்கள்.

7. உறைபனிக் காலையில் நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் கண்டன்சேட் குழாயைப் பாருங்கள். உறைந்திருந்தால் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். இளகியதும் ரீசெட் செய்து, குழாய்க்கு உறை போடுங்கள்.

8. பாய்லரின் உறையைக் கழற்றாதீர்கள். தெரிந்த பையன், மலிவாகச் செய்வான் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வருகிறவரிடம், கேஸ் வேலைக்குப் பதிவானவர் என்று காட்டும் கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அதன் பின்பக்கத்தில் இருக்கும். அதற்கு முன்பிருந்த கோர்கி அட்டை 2009 ஏப்ரலோடு செல்லாமல் போனது.

9. பம்ப், டைவர்ட்டர் வால்வு போன்றவை மாற்றக்கூடிய பாகங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டாலோ, உதிரிபாகம் கிடைக்காமல் போனாலோ புதிதுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

10. செப்டம்பரிலேயே ஒருநாள் ஹீட்டிங்கைப் போட்டுப் பாருங்கள். பழுது இருந்தால் அப்போதே வெளியே வரும். ஆளும் சுலபமாகக் கிடைப்பார். டிசம்பர் குளிரில் விலை பேச முடியாது, பிள்ளைகளே.