“போடலாமா, வேண்டாமா?” ஒரே கேள்வி போதும்!

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும், அவங்களுக்குப் போய் யார் சொல்லணும் என்று நினைக்கிறோம். தெரிஞ்சிருக்கிறது வேறு, அந்த நிமிஷத்தில் முடிவு எடுக்கிறது வேறு.

2021 ஜனவரி 16-ம் தேதி கொரோனா தடுப்பூசி ஆரம்பித்தபோது முதல் வரிசை மருத்துவப் பணியாளர்களுக்குத்தான். கட்டாயம் கிடையாது. தமிழ்நாட்டில் முதல் சில நாட்கள் தயக்கம் அதிகம். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்ட டாக்டர்களும் உண்டு, நர்ஸம்மாக்களும் உண்டு. அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர், அவரும் டாக்டர்தான், 22-ம் தேதி தானே ஊசி போட்டுக்கொண்டார். நல்ல முன்மாதிரி. ஆனால் இந்த ‘அப்புறம்’ என்கிற வியாதிக்கு இன்னொரு மருந்தும் இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கிளினிக்குகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடணும். வந்த நோயாளிக்கு ஊசி பாக்கியா என்று டாக்டர்தான் ஞாபகமாகப் பார்க்கணும். கூட்டத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? அதனால் கம்ப்யூட்டர் திரையிலேயே கேள்வி வருகிற மாதிரி செய்தார்கள்: ஊசி எழுதலாமா, வேண்டாமா? டாக்டரோ உதவியாளரோ இரண்டில் ஒன்றைச் சொல்லணும். ‘வேண்டாம்’ என்றால் கேள்வி கேட்பாரில்லை. சும்மா தாண்டிப் போவதுதான் கஷ்டம். 2017-ல் வந்த முடிவு: கேள்வி இல்லாத கிளினிக்குகளோடு ஒப்பிட்டால், நூற்றுக்குச் சுமார் ஆறரை பேர் கூடுதலாக ஊசி போட்டுக்கொண்டார்கள். பிரசங்கம் இல்லை, பரிசு இல்லை, மிரட்டல் இல்லை!

அடுத்த வருஷம் அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. காலை 8 மணிக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு ஊசி கிடைத்தது, மாலை 4 மணிக்கு வந்தவர்களில் 32 பேருக்குத்தான். எங்க செஞ்சியில் ராஜகிரிக் கோட்டைக்குக் காலையில் ஏறுகிற கால் வேறு, மத்தியானம் ஏறுகிற கால் வேறு. மனசும் அப்படித்தான் களைத்துப்போகும். கேள்வி வைத்த இடங்களில் எண்ணிக்கை கூடியது, ஆனால் சாயங்காலச் சரிவு அங்கேயும் இருக்கத்தான் செய்தது. ஆகவே இது சர்வரோக நிவாரணி இல்லை. எல்லாவற்றுக்கும் கேள்வி வைத்தால் படிக்காமலே ‘வேண்டாம்’ தட்டிவிடுவார்கள்.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு இருக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் வைத்தியர் பார்த்தே ஆகணும். ஞாபகத்தை நம்பி விட்டுவைக்கவில்லை.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ நர்ஸாகவோ லேபிலோ வேலை பார்க்கிறார்களா? ஊசி குத்திக் கொண்டால் ஹெபடைடிஸ் பி தொற்றும் அபாயம் அவர்களுக்கு உண்டு. தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அந்த மூன்றாவதுதான் பலருக்கு விட்டுப்போகும். “உடம்பைப் பார்த்துக்கோம்மா” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “மூணாவது டோஸ் போட்டாச்சா, இல்லையா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், எந்தக் கிழமை என்றும் சேர்த்தே கேளுங்கள். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் வேண்டாம், காலைக் காபியோடு கேளுங்கள்.