ஊத மாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால்

வார விடுமுறையில் ஈ.சி.ஆரில் வண்டி ஓட்டுகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் அக்கா ஒன்று சொல்லியாக வேண்டும். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ விருந்து முடிந்து திரும்பும்போது போலீஸ் மறித்து மூச்சுப் பரிசோதனைக் கருவியை நீட்டினால், "ஊத முடியாதுன்னு சொல்லிடு, அது உன் உரிமை" என்று கூட வந்தவன் ஓதுவான். அதை நம்பாதே. மறுப்பது உரிமையில் சேராது. மறுத்தால் கேஸ் இன்னும் இறுகும்.

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆவது பிரிவைக் கேள். நீ குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் உன்னை ஊதச் சொல்லலாம். மறுத்தாலும் அந்தச் சந்தேகத்தை வைத்தே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். அதற்கு மேல் 205-ஆவது பிரிவு இருக்கிறது: தகுந்த காரணம் இல்லாமல் மறுத்திருந்தால், நீதிமன்றம் அந்த மறுப்பையே போலீஸ் தரப்புக்குப் பலமாக எடுத்துக்கொள்ளலாம். 'எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டியதில்லையே' என்பாய். கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது அப்படிப்பட்ட சாட்சியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 1961-லேயே சொல்லிவிட்டது. ஊதுவதும் அந்த வகைதான்.

இன்னொன்றையும் யோசி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் 185-ஆவது பிரிவில் குற்றம். கருவி அதற்குக் கீழே காட்டினால் அதுவே உன் கையில் கிடைக்கும் முதல் ஆதாரம். ஊத மறுத்தால் அதையும் நீயே தொலைக்கிறாய்.

அதனால் ஊது. ஆனால் சரியாக ஊது. புது ஸ்ட்ரா போடச் சொல். கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார். இருமல் மருந்து குடித்திருந்தாலோ மௌத்வாஷ் போட்டிருந்தாலோ உடனே சொல்லி, தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைக்கச் சொல்லிக் கேள். ஆஸ்துமாவால் தம் கட்டி ஊத முடியாதென்றால் அதையும் அங்கேயே சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குத் தயார் என்று சொல். 'தகுந்த காரணம்' என்று சட்டம் சொல்வதற்குள் இது வரும். எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல் கேள், தம்பி. இரவு முழுக்க ரோட்டில் நிற்கிறவர்கள் அவர்கள்.

கைது செய்துவிட்டால் முதலில் மணியைப் பார். இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும், தவறினால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவதென்றால் அந்த நேரம் முக்கியம். ஸ்டேஷனில் ஊத இன்னொரு வாய்ப்பு தர வேண்டும் என்பதும் சட்டம்தான். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

தங்கச்சிகளே, ஆண் டாக்டர் ரத்தம் எடுத்தால் ஒரு பெண் கூட இருந்தே ஆக வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்வது விதிவிலக்கான சூழ்நிலையில்தான். அதுவும் பெண் போலீஸ் வந்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு.

முதல் முறை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாய், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை தருவது நீதிமன்றம். ரோட்டில் யார் கையிலும் பணம் கொடுத்து முடிக்கப் பார்க்காதே.

கூட உட்கார்ந்து வருகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. போதையில் ஓட்டத் தூண்டியவர் மேல் 188-ஆவது பிரிவில் கேஸ் போடலாம். சென்னை போக்குவரத்து போலீஸ் 2022-லேயே அதை அறிவித்தது. அதே நேரம், குடிக்காத ஒருவர் லைசென்ஸோடு கூட இருந்தால் வண்டியை அவரிடம் விட வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம் மாநிலத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துச் சொல்லலாம். அப்படி ஒருவரை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.