கண்ணுக்குத் தெரியாத அயலவர்

ஐப்பசி மாதத்து முதல் மழை விழுந்ததும் முற்றத்திலிருந்து ஒரு வாசனை எழும்புமே, அதை அறியாத யாழ்ப்பாணத்தவர் உண்டோ? மண்வாசனை என்கிறோம். ஆனால் அவ்வாசனையில் மேலோங்கி நிற்பது, மண்ணுள் வாழும் ஸ்ரெப்ரோமைசீஸ் முதலான நுண்ணங்கிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளின் மணமே. அன்பார்ந்த வாசகர்களே, நீங்கள் ஆசையோடு முகர்ந்தது கிருமிகளின் வாசனையை!

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிக்கப் பழகிவிட்டோம். பிள்ளை மண்ணில் கை வைத்தால் தாய் அதட்டுகிறாள். முற்றங்கள் சீமெந்தாகி வருகின்றன. சாதாரண தடிமனுக்கும் அன்ரிபயோற்றிக் எழுதித் தரும்படி வைத்தியரை நெருக்குகிறோம். திருடனுக்கும் அயலவனுக்கும் ஒரே பெயரை இட்டு வைத்ததால் வந்த வினை இது. இவ்வாரம் அந்த அயலவரைச் சற்று அறிந்துகொள்வோம்.

அவர்களை முதன்முதலில் கண்டவர் பெரிய கல்விமான் அல்லர். ஒல்லாந்தில் டெல்ப்ற் நகரத்துப் புடவை வியாபாரி லீவன்ஹுக் என்பவர். (எங்கள் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் இந்நகரின் பெயரே.) தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லையினூடாக நீர்த்துளியில் நீந்தும் உயிர்களைக் கண்டு, 1676இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். 1683இல் தமது பல்லில் படிந்த அழுக்கைப் பார்த்துவிட்டு, ஒரு நாட்டுக் குடிமக்களிலும் அதிகமானோர் தம் வாயில் குடியிருப்பதாக வியந்தார். இன்றைய கணக்கு அவரையும் திகைக்க வைக்கும். வளர்ந்த ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் உள்ளன என 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவனுடைய சொந்தக் கலங்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. அவற்றுட் பெரும்பாலானவை குடலில் இருந்து, நம்மால் செரிக்க முடியாத நாரைச் செரித்தும் சில உயிர்ச்சத்துகளை ஆக்கியும் தருகின்றன.

எங்கள் முன்னோர் நுணுக்குக்காட்டியைக் கண்டதில்லை. எனினும் இவ்வயலவரோடு பழகும் முறை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பனையில் ஏறுபவரைப் பாருங்கள். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிப் பாளையிற் கட்டினால் இறங்குவது கருப்பநீர். பூசாமற் கட்டினால் இறங்குவது கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. பாளையிலும் முட்டியிலும் குடியிருக்கும் மதுவம் இனிப்பை மதுசாரமாக்குகிறது. சுண்ணாம்பின் காரம் அதனை வேலைசெய்ய விடாது. கள்ளை இன்னும் சில நாள் வைத்தால் வேறொரு பற்றீரியாக் கூட்டம் வந்து அதை வினாகிரி ஆக்கிவிடும். ஒரு விரல் சுண்ணாம்பைக் கொண்டு, யாருக்கு வாசலைத் திறப்பது யாருக்கு மூடுவது என்று தீர்மானித்தவர்களை நாம் படியாதவர்கள் என்று எண்ணியிருந்தோம்!

இல்லத்தரசிகளுக்கும் இது புதிதன்று. கொதி பாலில் உறைமோர் விட்டால் தயிர் உறையாது; பால் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவேண்டும். ஏன்? உறைமோர் உயிருள்ளது, கொதியில் அது மடியும். தோசை மாவுக்கு யாரும் உறை விடுவதில்லை, உழுந்தோடு வந்த நுண்ணங்கிகளே போதும். மார்கழிக் குளிரில் மாப் பொங்கவில்லையே என்று சட்டியைச் சாக்கினால் மூடிவைக்கும் அம்மா, தான் அறியாமலே உயிர்களைப் பேணுகிறாள். பிள்ளைகளுக்கு இந்தக் காரணங்களைச் சொல்லிக் கொடுத்தால் விஞ்ஞானப் பாடத்திற் பாதி குசினியிலேயே முடிந்துவிடும்.

வளவிலேதான் நாம் பிழை விடுகிறோம். காலைத் திருப்பலிக்குப் போகும் வழியில் நான் நாள்தோறும் காண்பது, கூட்டிய சருகைக் குவித்து மூட்டிய புகை. துப்புரவு நல்லதுதான். ஆனால் எரிவது மண்ணின் உணவு. நல்ல மண்ணில் ஒரு கிராமுக்குள் 100 கோடி வரையான பற்றீரியாக்கள் வாழக்கூடும். அவை தின்று செரித்த சருகே எரு. பூவரசங்குழையும் பனையோலையும் வெட்டித் தோட்டத்தில் தாழ்த்த எங்கள் கமக்காரர் இதை நன்கறிவர். அந்தப் பழக்கத்தை விட்டு யூரியாப் பையை மட்டும் நம்பினோம். பின்னர் 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நிலம் ஆயத்தமாக இருக்கவில்லை. அவ்வாண்டு கார்த்திகையில் தடை நீங்குவதற்குள் கமக்காரர் பட்ட பாட்டை நாமறிவோம். மண்ணின் உயிர் கட்டளைக்குப் பெருகுவதில்லை; ஆண்டாண்டாக ஊட்டி வளர்க்க வேண்டியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 34ஆம் பத்தியில், பூஞ்சணங்களையும் புழுக்களையும் எண்ணற்ற நுண்ணுயிர்களையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அவையின்றி இயற்கை இயங்காது என்று நினைவூட்டியிருக்கிறார்.

இனி மறுபக்கம். அயலவரிடையே திருடரும் உளர் என்பதை மறைத்தால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு கீறலும் அதற்கு வாசல். வயலில் இறங்குபவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரை பெறவேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியத்தோடு காத்திராது வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மண்ணில் ஏற்புவலிக் கிருமியும் உண்டு. ஆகவே ஆணி குத்தினால் ஊசி அவசியம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டுமென்பர். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் நீர் வெடிப்புகளினூடாக விரைந்தோடுவதால், அது போதுமென்று இருந்துவிடலாகாது. குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் மலங்கழித்த பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவும் பழக்கத்தை எந்த மண்ணன்பும் தளர்த்தக் கூடாது.

அன்ரிபயோற்றிக் பற்றியும் ஒரு வார்த்தை. கசநோய்க்கு முதன்முதல் பலன்தந்த மருந்தாகிய ஸ்ரெப்ரோமைசின், 1943இல் மண்ணில் வாழும் ஓர் உயிரிடமிருந்தே பெறப்பட்டது. தொடக்கத்திற் சொன்ன மழைவாசனைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அயலவன் தந்த வாளை நாம் வைரசுத் தடிமனுக்கு எதிராக வீசுகிறோம். வைரசு அதனாற் சாகாது. குடலிலுள்ள நல்லவை சாகின்றன. தப்பிப் பிழைக்கும் தீயவை அந்த மருந்துக்கு அஞ்சாதவையாகின்றன. வைத்தியர் தேவையில்லை என்றால் மகிழ்ச்சியோடு வீடு திரும்புங்கள். தந்தால், சொன்ன நாள் முழுவதும் எடுங்கள்.

பிள்ளைகள் மண்ணில் விளையாடலாமா என்று கேட்பீர்கள். பின்லாந்தில் சில சிறுவர் பராமரிப்பு நிலையங்களின் வெறும் முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்லையும் பரப்பிப் பார்த்தனர். 3 முதல் 5 வயதுவரையான 75 பிள்ளைகள் ஆய்வுக்கு உட்பட்டனர். 28 நாளில், அம்முற்றங்களில் விளையாடிய பிள்ளைகளின் தோலில் பற்றீரியா வகைகள் பெருகியிருந்தன. நோயெதிர்ப்புச் சமநிலையைக் காட்டும் இரத்தக் குறிகளும் மேம்பட்டிருந்தன. 2020இல் வெளியான இவ்வாய்வு சிறியது, இதைக்கொண்டு எல்லா நோயும் விலகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் நாய், பூனை எச்சமில்லாத ஒரு மூலையில் சீமெந்தைப் போடாது விட்டுவைப்பதில் நட்டமொன்றுமில்லை.

வரும் சனிக்கிழமை பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். பூக்கத் தொடங்கிய ஒரு கௌப்பிச் செடியையோ பயிற்றங்கொடியையோ தெரிந்தெடுங்கள். இழுத்துப் பிடுங்கவேண்டாம், சுற்றிவர மண்வெட்டியால் தோண்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் சிறு மணிகள் ஒட்டியிருக்கும். அவற்றுள் இருப்பது றைசோபியம் என்னும் பற்றீரியா. 1888இல் அதனைப் பிரித்தெடுத்த பெய்யரிங்க் என்பவரும் அதே டெல்ப்ற் நகரிலேயே வேலைபார்த்தார். வளியில் 78 வீதமாக இருந்தும் செடிக்கு எட்டாத நைதரசனை அது பிடித்துக் கொடுக்கிறது; செடி அதற்குச் சீனி கொடுக்கிறது. (தக்காளி, கத்தரி வேரில் காணும் வீக்கம் பெரும்பாலும் வட்டப்புழு செய்த கேடு. அது வேரோடு ஒன்றிய வீக்கம், உரசினால் கழராது.) ஒரு மணியை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. எங்கள் குருதிக்குச் செந்நிறந் தரும் பொருளுக்கு உறவான ஒன்றே அச்சிவப்புக்குக் காரணம். வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை. பச்சையாகவோ கபிலமாகவோ இருந்தால் முடிந்துவிட்டது. யூரியா மிஞ்சிய பாத்தியில் மணிகளே அரிதாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பாத்தியிலும் கேட்டு ஒரு செடி தோண்டி, எதில் மணி அதிகம் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.