‘நைஸ்’ எந்தக் காலத்துச் சொல்?

அன்புள்ள தம்பிக்கு,

ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். தெரியாத சொல்லுக்கு நீ எப்படியும் அகராதியைப் புரட்டுவாய். காலை வாரிவிடுவது தெரிந்த சொல்தான். ‘நைஸ்’ அப்படிப்பட்டது.

‘அறியாத’ என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒன்று பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அன்று ஒருவரை ‘நைஸ்’ என்றால் மடையர் என்று அர்த்தம். பிறகு எதிலும் நொட்டை சொல்பவரைக் குறித்து, நுணுக்கமானது என்ற பொருளுக்கு வந்தது. ‘இனிமையான’ என்பது பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பரவியது. புதுப் பொருள் வந்ததும் பழையது ஒழிந்துவிடவில்லை. எல்லாம் பல காலம் கலந்தே புழங்கின.

‘ரோமியோ ஜூலியட்’ ஐந்தாம் அங்கத்தைப் பார். கடிதம் ரோமியோ கைக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறுகிறார். அது ‘நைஸ்’ கடிதம் அல்ல என்கிறார். ‘இனிய கடிதம் அல்ல’ என்று பெயர்த்தால் காட்சியே செத்துவிடும். அற்ப விஷயமில்லை என்கிறார் அவர். இரண்டு உயிர்கள் அதை நம்பி இருந்தன.

நுணுக்கம் என்ற பொருள் ஆங்கிலச் சட்ட எழுத்தில் இன்றும் உண்டு. உளுந்தை ‘நைஸா’ அரைக்கச் சொல்லும் நம் வீட்டுப் பேச்சும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இனி உன் நாவல். அது அச்சில் வந்தது 1817 கடைசியில், ஆஸ்டின் இறந்த பிறகு. பாத் நகரத்தை ஒட்டிய குன்றில் உலவும்போது கேதரின் ஒரு நாவலை ‘நைஸ்’ என்று புகழ்கிறாள். பைண்டிங்கைச் சொல்கிறாயா என்று ஹென்றி சீண்டுகிறான். ஒழுங்கையும் நயத்தையும் மட்டும் குறித்த சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார்களே என்பது அவன் குறை. எனக்குக் கேதரின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மனதுக்குப் பிடித்ததை அவள் வேறு எப்படிச் சொல்வாள்? ஆனால் நீ ‘அருமையான’ என்று போட்டால் ஹென்றியின் கேலி விழாது. ‘நேர்த்தியான’ போட்டுப் பார். நேர்த்தியான புத்தகம் என்றால் பைண்டிங்கா என்று கேட்க இடமிருக்கிறது. கேதரின் வாயில் அது சற்றுக் கனமாக ஒலிக்கும். அவளுடைய மற்ற பேச்சை இலகுவாக்கி ஈடுகட்டு.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள்கள் உண்டு. 1755இல் வந்த ஜான்சன் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள். அந்த உலாவல் பகுதி முடிந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்