ஆலைப் புகைதான் காரணம் என்று காட்ட முடியுமா?

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே ஆலை. காலையில் மொட்டை மாடித் தரையைத் துடைத்தால் துணி கறுத்துப்போகிறது. பேரனுக்கு அடிக்கடி இளைப்பு வந்து, நெபுலைசர் வைக்க ஓடுகிறோம். ஆலைக்காரர்களிடம் கேட்டால், “வண்டிப் புகை, பனி, வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்கள்” என்கிறார்கள். ஆலைப் புகைதான் காரணம் என்று விஞ்ஞானத்தால் காட்ட முடியுமா?
– வாசகி, வடசென்னை

பதில்: முடியும், அம்மா. ஆனால் ஒரு குழந்தையை மட்டும் பரிசோதித்து, இந்த இளைப்பு இந்தப் புகைபோக்கியால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல இயலாது. ஊர் முழுவதையும் பல மாதங்கள் சேர்த்துப் பார்த்தால் சொல்லலாம். அப்படிச் சொன்ன ஓர் ஆய்வு அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் நடந்தது.

அங்குள்ளவை மலை சூழ்ந்த ஊர்கள். குளிர்காலத்தில் கீழே குளிர்ந்த காற்று தேங்கிவிடும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். புகை எங்கும் போகாது. இரண்டாம் உலகப் போரின்போது கட்டப்பட்ட ஜெனீவா உருக்காலைதான் அங்கே நுண்துகளின் முதன்மை ஊற்று. 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறில் அது மூடப்பட்டு, 1987 செப்டம்பரில் வேறு உரிமையாளரின் கீழ் திறந்தது. இடையில் ஒரு முழுக் குளிர்காலம் ஆலை ஓடவில்லை.

அதன் அருமையைப் புரிந்துகொண்டவர் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஆர்டன் போப். அவர் மருத்துவர் அல்ல, பொருளாதாரப் பேராசிரியர். மருத்துவமனைகளின் அட்மிஷன் கணக்கையும் காற்றுத் தர நிலையத்தின் அளவுகளையும் 1985 ஏப்ரல் முதல் 1988 பிப்ரவரி வரை அருகருகே வைத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் பி.எம்.10 எனும் நுண்துகள், மூடியிருந்த குளிர்காலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா, நிமோனியா போன்றவற்றுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் இரண்டு முதல் மூன்று மடங்கு. முடிவுகள் 1989இல் வெளிவந்தன.

உங்களுக்குச் சொல்லப்படும் அதே சமாதானங்களை அங்கேயும் சொல்லலாம். எடுபடாது. பனியும் காற்றோட்டமும்தான் காரணமா? ஆலை மூடியிருந்த குளிர்காலத்தில் காற்று இன்னும் அதிகமாகவே தேங்கி நின்றது; ஆனாலும் நுண்துகள் குறைந்தது. புகைபிடித்தலா? புகையிலையை விலக்கும் மார்மன் சமயத்தவர் பெருவாரியாக வாழும் பகுதி அது. வண்டிகளோ, ஆலை மூடியிருந்த நாளிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அதன்பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. காற்றை உறிஞ்சிப் பிடித்த அந்தக் காலத்து வடிதாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் அந்தத் துகளை நீரில் கரைத்தெடுத்து, ஒப்புதல் தந்த தன்னார்வலர்களின் நுரையீரலில் சிறிதளவு செலுத்தினார்கள். ஆலை ஓடிய காலத்துத் துகள் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கியது. மூடியிருந்த காலத்துத் துகளுக்கு அந்த வீரியம் இல்லை. ஓடிய காலத்துத் துகளில் உலோகங்கள் கூடுதலாக இருந்தன. அட்மிஷன் நோட்டு காட்டிய உண்மையை ஆய்வுக்கூடமும் உறுதிசெய்தது.

“எல்லாம் அரசு வரம்புக்குள்தான்” என்ற பதிலும் உங்களுக்கு வரலாம். போப்பின் கணக்கில், பி.எம்.10இன் மாதச் சராசரி கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தொட்ட மாதங்களிலேயே குழந்தைகளின் அட்மிஷன் 89 சதவீதம் கூடியிருந்தது. நம் நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. வரம்புக்குள் இருப்பதால் மட்டும் பேரன் பத்திரம் என்று நான் சொல்லமாட்டேன்.

யூட்டாவின் முடிவை அப்படியே உங்கள் தெருவுக்கு எழுதிவிட முடியாது. உங்கள் ஆலை எது, என்ன எரிக்கிறது, கடற்காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதெல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் ஆலையும் பராமரிப்புக்காக அவ்வப்போது நிறுத்தப்படும். அந்தத் தேதிகளைக் குறித்துவையுங்கள். பேரனுக்கு இளைப்பு வந்த நாள், நேரம், காற்றடித்த திசை ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அக்கம்பக்கத்துத் தாய்மாரையும் எழுதச் சொல்லுங்கள். அதுவே நிரூபணம் ஆகாது. ஆனால் ஆய்வாளர் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு அது போதும். ஆலையின் புகைபோக்கி அளவீடுகளையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவான மூச்சுக்கோளாறு எண்ணிக்கையையும் பெயர் விவரம் இல்லாமல் தரும்படி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இதற்கிடையில், பேரனுக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதித் தந்திருந்தால், இளைப்பு இல்லாத நாளிலும் அதை அவர் சொன்னபடி கொடுத்துவாருங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.