கயிறு அறுந்தால் வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: ஐயா, தென்னந்தோப்பில் புல் வெட்ட பெட்ரோல் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறோம். ஸ்டார்ட் செய்ய இழுக்கும்போது கயிறு அறுந்து, மிச்சத் துண்டு உள்ளே போய்விட்டது. போன வருடமும் இப்படித்தான் அறுந்தது. வீட்டிலேயே மாற்ற முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் அறுந்திருப்பதால், ஏன் அறுந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட வேண்டும்.

இன்ஜின் ஆறிய பிறகு, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்டார்ட்டர் மூடியின் ஸ்குரூக்களை எடுத்தால் மூடி தனியே வரும். அதற்குள் கயிறு சுற்றும் புல்லி இருக்கும். புல்லிக்கு அடியில் கடிகாரச் சுருள் போன்ற ஸ்பிரிங். பெரும்பாலான மெஷின்களில் புல்லியைக் கழற்றாமலே கயிறு கோக்கலாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியும் கையுறையும் அவசியம். ஸ்பிரிங் துள்ளி வந்தால் கண்ணைப் பதம் பார்த்துவிடும்.

அறுந்த துண்டுகளைக் கடைக்கு எடுத்துப் போய், அதே தடிமனிலும் நீளத்திலும் ஸ்டார்ட்டர் கயிறே கேட்டு வாங்குங்கள். துணி காயப்போடும் கயிறு தாங்காது. நுனிகளைத் தீயில் காட்டி உருக்கிக்கொள்ளுங்கள். ஒரு நுனியைப் புல்லியில் முடிச்சிட்டு, மறு நுனியை மூடியின் துளை வழியே வெளியே எடுத்துக் கைப்பிடியைக் கட்டுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். கயிற்றைப் புல்லியில் சுற்றாமல், ஸ்பிரிங் எதிர்க்கும் திசையில் புல்லியைச் சில சுற்று திருப்பிப் பிடித்துக்கொண்டு, கயிற்றை முறுக்கில்லாமல் வெளியே நீவி விடுங்கள். பிறகு மெதுவாக விட்டால் புல்லியே கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். கைப்பிடி தொங்கினால் இன்னொரு சுற்று கூட்டுங்கள். கயிற்றை முழுக்க இழுத்த நிலையிலும் புல்லி இன்னும் அரைச் சுற்றாவது திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஒரு சுற்று குறையுங்கள். இல்லையேல் ஸ்பிரிங் உடையும்.

மூடியைப் பூட்டுமுன், புல்லியைக் கவ்வும் கொக்கிகள் தடையின்றி அசைகின்றனவா என்று பாருங்கள். புழுதியைத் துடையுங்கள், ஆயில் விடாதீர்கள், தூசி ஒட்டி இறுகிவிடும்.

இனி, அறுந்த காரணம். கயிறு வெளிவரும் துளையை விரலால் தடவுங்கள். விளிம்பு தேய்ந்து கூராகியிருந்தால் எந்தக் கயிறானாலும் அறுந்துபோகும். துளையில் பொருத்தியுள்ள வளையத்தை மாற்றுங்கள். பக்கவாட்டில் இழுத்தாலும் கயிறு அங்கே உரசும். எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எதிர்ப்பு தெரியும்வரை மெல்ல இழுத்து, பிறகு வேகமாக நேராக இழுங்கள். கடைசிவரை இழுக்க வேண்டாம். கைப்பிடியைக் கையோடு உள்ளே கொண்டுபோய் விடுங்கள்.

பலமுறை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பழுது கயிற்றில் இல்லை. கரி பிடித்த பிளக், அடைத்த ஏர் ஃபில்டர், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். இழுக்கும்போது இன்ஜினே சுழலாமல் இறுகி நின்றால் மட்டும் மேற்கொண்டு இழுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.